பாலத்தின் வளைவுக்குள் தெரிந்த கடல்

அந்தக் கரையில் மலை கடலுக்கு இடம் விடவில்லை. கடலும் மலைக்கு விடவில்லை. இரண்டும் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் கிடைத்த சந்தில் ஊர்கள் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்கு மேல் வீடு, அதற்கு மேல் ஒலிவ மரம், அதற்கு மேல் பாறை, அதற்கும் மேலே மேகம். கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய ஊர்கள். திருத்தணிக்காரனான எனக்கு மலை என்றால் அதைச் சுற்றி வெட்டவெளி இருக்க வேண்டும். எங்கள் மலைகள் பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளிகளைப் போலத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பவை. அரக்கோணம் தாண்டி ரயில் வடக்கே போகும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும், தனித்தனியாகப் போகும். நடுவில் வயல், ஏரி, செங்கல் சூளை, மூச்சுவிட நிறைய இடம்.

அங்கே மூச்சுவிட இடமில்லை. இத்தாலியின் வடமேற்கில் பிறைபோல் வளைந்து கிடக்கிற கரை அது. லிகூரியா என்று பெயர். பிறையின் நடுவில் ஜெனோவா. அதற்குக் கிழக்கே கிடப்பதைச் சூரியன் எழும் கரை என்கிறார்கள். மேற்கே கிடப்பதைச் சூரியன் விழும் கரை. நான் போனது விழும் கரைக்கு. ரயில் முழுக்கக் குகைகள். இருட்டு, பளீரென்று ஒரு துண்டுக் கடல், மறுபடி இருட்டு. கண் கூசி மூடித் திறப்பதற்குள் அடுத்த குகை. யாரோ என்னிடம் எதையோ காட்டிவிட்டு உடனே கையைப் பின்னால் மறைத்துக்கொள்வதைப் போலிருந்தது.

வேடிக்கை பார்க்க நான் போகவில்லை. எழுதுகிறவர்கள் கூடும் கூட்டம் ஒன்றுக்கு மலைக்கு அந்தப்புறம் ஒரு நகரத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அது முடிந்ததும் ஒரு பையை எடுத்துக்கொண்டு கரைக்கு ரயில் ஏறினேன். என் அக்காவின் கணவர், எங்கள் வழக்கில் பாவா, அந்தக் கரையில் ஒரு பூச்செடிப் பண்ணையில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வேலை செய்துவந்தார். போன ஐப்பசியில் அங்கே ஓர் ஆற்றில் இறங்கியவரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கடற்கரையில் கிடைத்தார். பெட்டியில் மீனம்பாக்கத்துக்கு வந்தார். பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றங்கரையில், அவருடைய கரும்பு வயலைப் பார்த்தபடி எரித்தோம்.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டாள். தவிட்டுத் தொட்டியைக் கழுவுவதுபோல் குனிந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நான்தான்டா சொன்னேன்.”

“இன்னாக்கா சொன்ன?”

“வீடியோல வந்தாரு. கடலப் பாருன்னு காட்டினாரு. ஒரு பாலம், அதுக்குள்ளாற கடலு. அப்பறம் இந்தாண்ட திருப்பி, ஆத்துல தண்ணி வருது பாருடின்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியலங்க, இன்னும் கிட்ட போய் காட்டுங்கன்னேன். போனாரு.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஃபோனில் வானம் தெரிந்ததாம். பிறகு அதுவும் இல்லை. வேறு யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில்கூட.

சொல்ல வேண்டிய இடம் அவள் மகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, ஹாஸ்டல் வாசம். அப்பா செத்ததை அவள் அழுகையாக எடுத்துக்கொள்ளவில்லை, கோபமாக எடுத்துக்கொண்டாள். “வெள்ளம் வர்ற ஆத்துல எவனாவது எறங்குவானா? சின்னக் கொழந்தையா? வேடிக்கை பாக்கணுமாம், வேடிக்கை!” லீவுக்கு வரும்போதெல்லாம் இதே பேச்சு. அக்கா வாயைத் திறக்கமாட்டாள். செத்த மனுஷனுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் தன்னுடைய அந்த ஒரு வாக்கியத்தை முதலில் வெளியே வைக்க வேண்டும். அதை வைத்தால் மகள் போய்விடுவாள் என்று பயந்தாள். வைக்காமலே மெலிந்துகொண்டிருந்தாள். தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவள், மாட்டைக்கூட அதட்டாமல் ஆனாள்.

அதனால் போனேன். அவர் நின்ற இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் வேறு யோசனை இருக்கவில்லை.

பாவாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் எங்களுக்குப் பக்கத்து ஊரான நகரிக்காரர். ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். என் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

“ஊர்ல மழைங்களாண்ணா?”

“மாசி மாசத்துல ஏதுங்க மழை?”

“ஆமா இல்ல. இங்க இருந்துகினு எனக்கு மாசமே மறந்துபோச்சு. வெயில் அடிச்சாலும் ஸ்வெட்டர் போட்டுகினு சுத்தறானுங்க, இன்னா மாசம்னு எப்படித் தெரியும்?”

அந்த ஊர் வீடுகளுக்குக் காவியும் ரோஜாவும் மஞ்சளுமாக நிறம். சுவரில் ஜன்னல்கள். பாதி ஜன்னல்கள் நிஜம், பாதி வெறும் ஓவியம். கதவு, கம்பி, அதன் நிழல் வரை வரைந்துவைத்திருக்கிறார்கள். எது திறக்கும், எது திறக்காது என்று கிட்டப் போனால்தான் தெரிகிறது. ஊருக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டி, படிக்குப் படி கல்லடுக்கித் தாங்கியிருக்கிறார்கள். சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்லின் மேல் கல். அந்த ஒவ்வொரு படியிலும் ஒரு வரிசை ஒலிவம். காற்றடித்தால் இலை திரும்பி வெள்ளியாகிறது. சில படிகள் சரிந்து கல் கொட்டிக்கிடந்தது, மேலே முட்புதர். மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த கொஞ்சூண்டு சமநிலத்தில் பண்ணைகளின் கண்ணாடிக் கூரைகள் வெயிலில் மின்னின. பாவா அனுப்பிய படங்களில் இந்த மினுக்கத்தை ஏரி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஊரின் ஓரத்தில் அந்த ஆறு. ஆறு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கூழாங்கல், கொஞ்சம் நாணல், நடுவில் நூல்போல ஓர் ஈரம். ஒரு பக்கம் யாரோ கோஸ் பயிரிட்டிருந்தார்கள். மேலே சாலையிலிருந்து உள்ளே இறங்குகிற சரிவுப் பாதையின் அடியில் இரண்டு கார்கள் நின்றன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இது எங்கள் ஆறு. எங்கள் நந்தியாறு இப்படித்தான் கிடக்கும். கொசஸ்தலை இப்படித்தான் கிடக்கும். துணி காயும், மாடு படுத்திருக்கும், லாரி நிற்கும், பையன்கள் ஸ்டம்பு நட்டிருப்பார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் ஆறு என்பது ஊருக்குப் பொதுவான ஒரு காலி மனை.

தண்ணீர் வருவதும் எங்களுக்கு ஒரு மாதிரித்தான் தெரியும். மழை பெய்வது எங்கேயோ ஆந்திரா மலையில். அங்கே அணை நிறைந்து, திறந்து, வருகிறது வருகிறது என்று பேச்சு முதலில் வரும். தண்ணீர் மெதுவாகப் பின்னால் வரும். மணல் குடித்ததுபோக மிச்சம்தான் நகரும். அதன் முனையில் நுரை, சருகு, எறும்பு, யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு. ஊர் ஆற்றுக்குள் இறங்கி அதற்கு எதிரே போய் நிற்கும். மணலில் சூடம் கொளுத்துவோம். மஞ்சள் குங்குமம், ஒரு பிடி பூ. தண்ணீர் வந்து சூடத்தை அணைக்கும், பூவை எடுத்துக்கொள்ளும். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நடந்தே கரையேறுவோம். பிறகு பெருவெள்ளம் வந்து தரைப்பாலம் முழுகுவதெல்லாம் வேறு கதை. முதல் தண்ணீர் விருந்தாளி. விருந்தாளியைக் கரையில் நின்று கூப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

“ராத்திரி பூரா மழைங்க,” என்றார் நகரிக்காரர். “காலைல வுட்டுடுச்சு. வெளிச்சமா இருந்துச்சு. மேல மலைலதான் கருப்பா நின்னுகினு இருந்துச்சு. ஆத்துல லேசா தண்ணி வருதுன்னு பண்ணைல பேசினாங்க. உங்க பாவாவுக்குக் கை கால் நிக்கல. சூடம் இருக்குதான்னு கேட்டாரு. இந்த ஊர்ல சூடத்துக்கு எங்கண்ணா போறது? என் சிகரெட் லைட்டர எடுத்துகினாரு. கழிச்சுக் கட்டின பூ ஒரு கூடை கெடந்துச்சு, அதுல ரெண்டு கை அள்ளிகினாரு.”

“இத ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“ஃபோன்ல எப்படிண்ணா சொல்றது? பூ எடுத்துகினு போனாருன்னா சிரிப்பாங்களோன்னு இருந்துச்சு.”

அவர் மலையைக் காட்டினார். அங்கே நின்றபடியே ஆறு புறப்படுகிற மடிப்பு தெரிந்தது. திரும்பினால் அது முடிகிற இடம். ஓர் ஆற்றின் தலையையும் காலையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை. ஐப்பசியில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்குமாம். அதன் மேலிருந்து ஈரக்காற்று எழுந்து நேராக மலையில் முட்டுமாம். முட்டிய இடத்திலேயே கொட்டும். கொட்டியதைக் குடிக்க மணல் இல்லை, தேக்கிவைக்க ஏரி இல்லை, பேச்சு முந்திக்கொள்ள ஊர்கள் இல்லை. செங்குத்தான பாறை, இரண்டு பக்கமும் கட்டிய சுவர், கீழே கடல். முதல் தண்ணீர் என்று ஒன்று தனியாக அங்கே கிடையாது. பாவா எண்பது மைல் ஆற்றின் மரியாதையோடு ஒரு கூப்பிடு தூரத்து ஆற்றுக்குள் இறங்கியிருக்கிறார்.

சரிவுப் பாதையில் இறங்கினேன். பாதியில் நின்று கடலைத் தேடினேன். முதலில் கிழக்கே திரும்பினேன். எனக்குக் கடல் என்றால் கிழக்கு. கிழக்கே மலை நின்றது. அந்த இடத்தில் கடல் தெற்கே என்று நகரிக்காரர் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். தெற்கே பார்த்தால் ரயில் பாதையின் மேடு. அந்தக் கரை முழுக்க ஊருக்கும் கடலுக்கும் குறுக்கே ரயில் ஓடுகிறது. கல்லால் கட்டிய உயரமான கரைமேடு. சாலையிலிருந்து கடல் தெரியவில்லை. சரிவுப் பாதையின் தலையிலிருந்தும் தெரியவில்லை, பாதியிலிருந்தும் தெரியவில்லை. அடியில், கார் பக்கத்தில் நின்றாலும் சுவர்தான். கூழாங்கல்லில் தடுமாறி நடந்து, நாணலைத் தாண்டி, ஆற்றின் நட்டநடுவுக்கு வந்தேன். அப்போதுதான் ரயில் பாலத்தின் கல்வளைவு எனக்கு நேராகத் திறந்தது. வளைவுக்குள், ஒரு முறத்தளவு, கடல்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நகரிக்காரர் மயக்கமோ என்று பயந்து என் தோளைப் பிடித்தார். “ஒண்ணுமில்லங்க,” என்றேன். அக்கா சொன்ன வரிசை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடலப் பாருன்னு காட்டினாரு. ஒரு பாலம், அதுக்குள்ளாற கடலு. அப்பறம் திருப்பினாரு. அப்பறம்தான் அவள் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பிய வாரமே பள்ளிப்பட்டு பஸ் பிடித்தேன். அக்காவிடம் தனியாகப் பேசலாம் என்று எண்ணியிருந்தேன். வீட்டை ஒட்டிய தகர ஷெட்டுக்குள் மகளும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதையே மறந்துவிட்டிருந்தேன். இருவருக்கும் நடுவே புளி குவிந்திருந்தது. அக்கா இரும்புத் துண்டால் தட்டித் தட்டிக் கொட்டை நீக்கினாள். மகள் நார் உரித்தாள்.

“வாங்க மாமா. இத்தாலி மாமா. சாக்லேட் எங்க?”

“வயசுக்குத் தக்க பேசுடி,” என்று சொல்லியிருக்க வேண்டிய அக்கா அடுத்த புளியைத் தட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை நான் தாங்க முடியாமல் சட்டென்று கீழே உட்கார்ந்தேன்.

“அந்த எடத்தப் பாத்தேன்க்கா,” என்றேன்.

நார் உரித்த மகளின் கை நின்றது.

வாயால் சொல்ல வராது என்று பட்டது. எழுதுகிற எனக்கு அன்று ஒரு வரியும் வரவில்லை. புளிக் குவியலை இரண்டு கையாலும் இழுத்து மலையாக்கினேன். அதன் சரிவில் புளியங்கொட்டைகளை வரிசை வரிசையாக வைத்தேன். “இது கல்லுக்கட்டு. இப்படிப் படிப்படியா.”

“சிமெண்டு?” என்றாள் அக்கா.

“இல்லக்கா, சும்மா அடுக்கறதுதான்.”

“அப்பத்தான் தண்ணி வெளிய வரும். பூசினா தள்ளிடும்.” வயலைப் பற்றிய பேச்சானதால் குரல் தானாக வந்துவிட்டது.

“மாமா டூர் போய்ட்டு வந்து ஜியாக்ரஃபி எடுக்கறாரு,” என்றாள் மகள். ஆனால் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

குவியலில் ஒரு விரலால் ஆற்றைக் கீறினேன். துடைப்பக் குச்சிகளை ஒடித்து ரயில் மேட்டை வைத்தேன். ஆறு தாண்டுகிற இடத்தில் ஓர் இடைவெளி. அந்தாண்டை வெறும் தரை. அது கடல்.

“இவ்ளோ கிட்டவா?” என்றாள் அக்கா. விரலால் மலையையும் கடலையும் அளந்து பார்த்தாள். “பேஞ்சா எங்க நிக்கும்? நிக்காதே.”

“நிக்காதுக்கா. நம்ம ஆறு மாதிரி இல்ல. மொதத் தண்ணியே மொத்தத் தண்ணி.”

“போர்டு வெச்சிருப்பாங்கல்ல மாமா?” மகளின் குரல் கூர்மையாகிவிட்டது. “எறங்காதேன்னு படம் போட்டுகூட வெப்பாங்க. எங்க நைனாவுக்குக் கண்ணு தெரியாதா?”

“வெச்சிருக்காங்க. பாத்திருப்பாரு. அவரு வேடிக்கை பாக்க எறங்கலம்மா. கூட இருந்தவரு சொன்னாரு. சூடம் கேட்டிருக்காரு. கெடைக்காம, லைட்டரும் ரெண்டு கை பூவும் எடுத்துகினு போயிருக்காரு.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆற்றுக்குப் பூ எடுத்துப்போவது என்றால் என்ன என்று அந்த ஊரில் பிறந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் அவளைத் தோளில் உட்காரவைத்து இறங்கியவரே அவர்தான்.

நான் அடுத்ததைச் சொன்னேன். சாலையிலிருந்து கடல் தெரியாது, சரிவுப் பாதையிலிருந்து தெரியாது. ஆற்றின் நடுவில் நின்றால்தான் இந்த இடைவெளி வழியாகத் தெரியும் என்று குச்சிகளுக்கு நடுவே விரலை வைத்துக் காட்டினேன். மகளைப் பார்த்துத்தான் சொன்னேன். அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், மற்றதை அவள் தனக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அக்கா இரும்புத் துண்டைக் கீழே வைத்தாள்.

“நான்தான்டி சொன்னேன்,” என்றாள் மகளிடம்.

“இன்னாம்மா?”

“உங்க நைனாகிட்ட. கிட்ட போய் காட்டுங்க, எனக்குத் தெரியலன்னு. நான்தான் சொன்னேன். நீ அவரத் திட்டிகினே இருந்த. நான் கேட்டுகினே இருந்தேன்.”

ஷெட்டின் தகரம் வெயிலில் டப் என்று ஒரு சத்தம் போட்டது. மகள் அம்மாவையே பார்த்தாள். அவள் எழுந்து போய்விடுவாள் என்று நானும் நினைத்தேன். அவள் எழவில்லை.

“எப்போ சொன்ன?”

“அதான், தண்ணி வருதுன்னு காட்டச்சே.”

“அதுக்கு முன்னாடி இன்னா காட்டினாரு?”

“கடலு. பாலத்துக்குள்ளாற.”

மகள் குனிந்து அந்தத் துடைப்பக் குச்சிகளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. இடைவெளியில் தன் விரலை வைத்தாள். அங்கிருந்து ஆற்றின் நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

“கடலு தெரிஞ்சுதுன்னா அப்பவே ஆத்து நடுவுலதாம்மா நின்னுகினு இருந்தாரு. நீ சொல்றதுக்கு முன்னாடியே.”

“இருந்தாலும் சொன்னேன் இல்ல.”

“சொன்ன.”

“கிட்ட போங்கன்னு.”

“சொன்னம்மா. சரி.”

வெளியே கே.ஜி.கண்டிகை போகிற ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்து ஆள் கூப்பிட்டுவிட்டுப் போனது. பிறகு மகள், தரையைப் பார்த்தபடி, யாருக்கோ என்பதுபோலச் சொன்னாள்.

“எனக்குத்தான் மொதல்ல பண்ணாரு. ஷிஃப்ட்ல இருந்தேன். ஃபோன உள்ள எடுத்துகினு போக வுட மாட்டாங்க. லாக்கர்ல கெடந்துச்சு. வெளிய வந்து பாக்கறேன், நைனா பண்ணிகீறாரு. நான் எடுத்திருந்தா எங்கிட்ட பேசிகினே மேலயே நின்னிருப்பாரு.”

“வேலைல இருக்கறவ எப்படிடி எடுப்ப? பைத்தியமா நீ?” அக்காவின் வாயிலிருந்து அது பழைய வேகத்தோடு வந்தது, தெருவுக்குக் கேட்கும்படி. சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டவள்போல நின்றாள்.

“அதத்தாம்மா நானும் உனக்குச் சொல்றேன்,” என்றாள் மகள்.

அக்கா மகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரலெல்லாம் புளி ஒட்டிக் கருத்திருந்தது. முந்தானையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள். காய்ந்த துணியில் புளி போகாது, தண்ணீர் வேண்டும். அது தெரியாதவள் இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.